செபமாலையும் மூச்சின் கணக்கும்

செபமாலை சொல்லுவதும் மந்திரத்தை உருவேற்றுவதும் மனத்துக்கு அமைதி தருகின்றன என்பது பக்தர்களின் அனுபவம். அந்த அமைதி உடலில் எவ்வழியாக நிகழ்கிறது என்பது உடலியலின் கேள்வி. சுவாமி குவலயானந்தர் 1924இல் லோனாவ்லாவில் நிறுவிய கைவல்யதாமம் என்னும் யோக ஆய்வு நிலையத்தில் ஆசனமும் பிராணாயாமமும் ஆய்வுக் கருவிகளின் முன் நிறுத்தப்பட்டதைப் போலவே, பிற்காலத்தில் இத்தாலியில் செபமாலையும் அவ்வாறு நிறுத்தப்பட்டது.

அந்நாட்டு மருத்துவ ஆய்வாளர் லூச்சியானோ பெர்னார்டியும் அவருடைய குழுவினரும் நலமாக இருந்த 23 பேரை லத்தீன் மொழியில் ‘அருள் நிறைந்த மரியே’ செபத்தையும், திபெத்திய பௌத்தர்களின் ஆறெழுத்து மந்திரத்தையும் சொல்லச் செய்து, அப்போது அவர்களுடைய மூச்சு, நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம் ஆகியவற்றைப் பதிவு செய்து, 2001இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்டனர். மொழியும் சமயமும் வேறாயினும், இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறாகக் குறைந்தது. ஒருவர் முற்பாதியைச் சொல்ல மற்றவர் பிற்பாதியைச் சொல்லும் செபமாலை மரபில், ஒரு சுற்று முடியச் சுமார் பத்து விநாடிகள் ஆவதே இதன் சூட்சுமம்.

இந்தப் பத்து விநாடிக்கு உடலிலும் ஓர் இணை உண்டு. இரத்த அழுத்தம் ஒரே மட்டத்தில் நிற்பதில்லை. ஏறத்தாழ பத்து விநாடிக்கு ஒருமுறை சிற்றலையாக ஏறி இறங்குகிறது. அழுத்தம் உயரும்போது கழுத்துத் தமனியிலும் பெருந்தமனி வளைவிலும் உள்ள உணரிகள் மூளைத்தண்டுக்குச் செய்தி அனுப்ப, வேகஸ் என்னும் நரம்பு இதயத்தின் வேகத்தைத் தணிக்கிறது. இத்தன்னியக்கமே அழுத்தவுணர் அனிச்சை எனப்படும். மூச்சின் தாளமும் இந்த அலையின் தாளமும் ஒன்றுகூடும்போது அனிச்சையின் கூர்மை மிகுகிறது என்பதே அவ்வாய்வின் முடிவு. மாரடைப்புக்கு ஆளானோரில் இக்கூர்மை குன்றியவர்களுக்கு உயிராபத்து மிகுதி என்பதை மருத்துவம் அறிந்திருப்பதால், இது வெறும் விந்தைச் செய்தியன்று. செபமாலை கீழ்த்திசையிலிருந்து அரேபியர் வழியாகச் சிலுவைப் போர்க்காலத்தில் ஐரோப்பாவை அடைந்திருக்கலாம் என்றும் அக்கட்டுரை கூறுகிறது. அது ஊகமே, அதைச் சோதனையின் முடிவோடு ஒன்றாக எண்ண வேண்டியதில்லை.

இச்சோதனை இறைவனின் இருப்பைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. சொல்பவரின் உடலில் நிகழ்வதை மட்டுமே அளந்தது. ஒருவருக்காக மற்றவர் வேண்டுவது வேறொரு பொருள். மருத்துவர் ஹெர்பர்ட் பென்சன் தலைமையில் அமெரிக்காவின் ஆறு மருத்துவமனைகளில் இதய மாற்றுவழி அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 1,802 நோயாளிகளிடம் நடந்து 2006இல் வெளியான ஆய்வில், தமக்காகப் பிறர் வேண்டுகிறார்களா என்று உறுதியாகத் தெரியாதிருந்தோரில், வேண்டப்பட்டவர்களில் 52 விழுக்காட்டினருக்கும் வேண்டப்படாதவர்களில் 51 விழுக்காட்டினருக்கும் சிகிச்சைக்குப் பின் சிக்கல்கள் ஏற்பட்டன. வேண்டுகிறார்கள் என்று உறுதியாக அறிந்தவர்களிடமோ அது 59 விழுக்காடு. பிரார்த்தனைக் குழுவை அழைக்கும் அளவுக்குத் தம் நோய் முற்றிவிட்டதோ என்ற அச்சமே காரணமாயிருக்கலாம் என்று ஆய்வாளர் தரப்பிலேயே கருதப்பட்டது.