பட்டறைத் திருத்தமா, கண்டுபிடிப்பா?

போடிநாயக்கனூர் வெயிலில் அளந்த பெட்ரோலைச் சாந்தன்பாறைக் குளிரில் மீண்டும் அளந்தால் அடர்த்திமானி வேறு எண்ணைக் காட்டும். வெப்பம் பத்து டிகிரி குறைந்தால் கனமீட்டருக்கு ஏறத்தாழ 8 கிலோ கூடிவிடும். கலப்படமோ என்று ஐயுற வேண்டுவதில்லை. பெட்ரோல் சுருங்கியிருக்கிறது, அவ்வளவே. ஆகவேதான், ஏலமலையிலாயினும் நேயர்கள் வாழும் மும்பையிலாயினும், அளந்த எண்ணை 15 டிகிரி செல்சியசுக்கு உரியதாக அட்டவணை கொண்டு மாற்றி எழுதுகின்றனர்.

எரிபொருளை ஒளிக்கதிரால் சோதிக்கும் நுண்கருவிகளுக்கும் திருத்தம் வேண்டும். ஒரே வகையான இரு கருவிகள் ஒரே பெட்ரோலுக்குச் சற்றே வேறுபட்ட எண்களைத் தருவதுண்டு. குணம் முன்பே அறியப்பட்ட தூய திரவம் ஒன்றை இரண்டிலும் வைத்துப் பார்த்து, வேறுபாட்டைக் கணக்கிட்டுச் சரிசெய்யலாம். இத்தகைய முறைக்கு ஒருவர் காப்புரிமை கோரினால், ‘படிக்கல் வைத்துத் தராசைச் சோதிப்பது போன்றதுதானே!’ என்று எதிர்த்தரப்பார் கூறுவர். அத்துறையில் தேர்ந்தவருக்கு எளிதில் தோன்றக்கூடியதற்குக் காப்புரிமை இல்லை என்பது சட்டம். தோன்றுமா, தோன்றாதா என்பதே வழக்கு. உரிமை கிடைத்துவிட்டால் 20 ஆண்டுகளுக்குப் பிறர் அனுமதியின்றி அம்முறையைக் கையாள இயலாது.

நம் நாட்டில் இக்கேள்விக்கு விடை காண உதவியது பெட்ரோல் அன்று, பாத்திரம். மிர்சாபூரில் கடைசல் எந்திரத்தில் சுழற்றி மெருகிடும்போது பாத்திரங்கள் பிடி நழுவித் தெறிக்கும், தொழிலாளிக்கு ஆபத்து. மறுமுனையிலிருந்து கூர்முனைத் தண்டினால் அழுத்திப் பிடிக்கும் முறைக்கு ஹிந்துஸ்தான் மெட்டல் இண்டஸ்ட்ரீஸ் என்னும் நிறுவனம் 1951 முதல் செல்லுபடியாகும் காப்புரிமை பெற்றது. அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி அதனை ரத்துச் செய்தார்; மேல்முறையீட்டில் அது உயிர்பெற்றது; 1978 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்தையே உறுதிசெய்தது. நெடுங்காலமாக அறிந்த உபாயத்தைப் பாத்திரத் தொழிலுக்குச் சிறு மாறுதலுடன் பொருத்தியது பட்டறைத் திருத்தமே என்பது தீர்ப்பு. அன்றைய சட்டப்படி காப்புரிமையின் ஆயுளோ 16 ஆண்டுகளே!

எனினும், விடை தெரிந்தபின் எந்தக் கணக்கும் எளிதாகவே தோன்றும். ஆதலால் விண்ணப்பித்த நாளில் தொழிலறிந்தோர் அறிந்திருந்தது யாது என்றே நீதிமன்றம் நோக்கவேண்டும். அளவுக்கருவி வழக்கில், தெரிந்த பொருளைக் கொண்டு திருத்தலாம் என்ற எண்ணம் பழையது. எத்திரவம், எத்தனை திரவங்கள், எக்கணக்கு என்னும் தேர்விலேதான் புதுமை இருத்தல் கூடும் என்று நாம் கருதுகிறோம். அதைத் தேடுகையில் பிறர் முயன்று தோற்றிருந்தால், அத்தோல்விகளே கண்டுபிடித்தவருக்குச் சாட்சி கூறும்.