மலை இறாலுக்குக் கடல் வரை வழி வேண்டும்

மண்புழு இல்லாத தோட்டம் எப்படி இருக்கும் என்று நம்மில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஓடையில் கிட்டத்தட்ட அதே வேலையைச் செய்கிற ஓர் உயிரைப் பற்றித்தான் இந்த முறை எழுதுகிறேன். நன்னீர் இறால். நம்ம ஊர் இறால் இல்லீங்க, கரீபியன் கடலில் உள்ள போர்ட்டோ ரிக்கோ தீவின் லுகியோ மலை ஓடைகளில் வாழ்வது. ஆராய்ச்சியாளர்கள் பல பத்தாண்டுகளாக விடாமல் கவனித்துவரும் ஓடைகள் அவை. எங்கே இறால் இருக்கிறது, எங்கே இல்லை, ஏன் இல்லை என்பதை நன்றாகவே பார்த்து வைத்திருக்கிறார்கள்.

அந்தக் காட்டு மரங்களின் இலை ஓடையில் விழுந்துகொண்டே இருக்கும். ஸிஃபோகாரிஸ் என்ற இறால் அதைக் கிழித்துத் துணுக்காக்கும். மிதந்து வரும் துணுக்குகளை ஆட்யா என்ற இன்னொரு இறால், கால் நுனியில் விசிறி மாதிரி விரியும் மயிர்க்கற்றையால் வடிகட்டித் தின்னும். பாறையில் படியும் வண்டலையும் அதுவே பெருக்கிவிடும். கேத்தரின் பிரிங்கிள் என்ற ஆய்வாளரும் அவரோடு இருந்தவர்களும் இதைச் சோதிக்க, நாம் காட்டுப்பன்றிக்குப் போடுகிற மாதிரி ஓடைக்குள்ளேயே சின்னதாக மின்வேலி போட்டு இறாலைத் தடுத்தார்கள். வேலிக்குள் வண்டல் ஏறிப்போச்சு. இறால் நடமாடிய இடத்தில் பாறை சுத்தமாக இருந்தது.

1989இல் ஹியூகோ புயல் அந்த மரங்களை மொட்டையடித்து இலையெல்லாம் ஓடையில் கொட்டியது. அதற்குப் பிறகு ஆட்யாவின் எண்ணிக்கை கூடியது. மூடாக்கு போட்ட நிலத்தில் மண்புழு பெருகுவது எனக்கு நினைவுக்கு வந்தது.

இவ்வளவு வேலை செய்கிற இறால் ஓடை முழுக்க ஒரே மாதிரி பரவியிருக்கிறதா என்றால், இல்லை. அருவிக்கு மேலே கூட்டம் கூட்டமாக இருக்கும், கீழே குறைவு. காரணம் மீன். இறாலைத் தின்னும் மலை மடவை போன்ற மீன்களால் உயரமான அருவியை ஏற முடியாது. இறாலோ நனைந்த பாறையைப் பிடித்து நடந்தே ஏறிவிடும். இன்னொரு விசேஷம் பாருங்க: மீன் இருக்கும் கீழ்ப்பகுதியில் ஸிஃபோகாரிஸுக்குத் தலைக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் முள் நீளம். மீன் இல்லாத மேல்பகுதியில் அதே இனத்துக்கு முள் குட்டை.

சரி, மேலே பாதுகாப்பாக இருக்கிற இறாலுக்குக் கடலோடு என்ன உறவு? குஞ்சுதான். தாய் இறால் மலை ஓடையிலேயே குஞ்சுகளை விட்டுவிடும். கண்ணுக்குச் சட்டென்று தெரியாத அந்தக் குஞ்சுகள் இரவு நீரோட்டத்தில் மிதந்து முகத்துவாரத்துக்குப் போகணும். உப்பு கலந்த நீரில் வளர்ந்து, பிறகு ஆற்றோரமாகவே நடந்து மலைக்குத் திரும்பணும். நம் பண்ணைக் குட்டைகளில் வளர்க்கும் ரோசன்பெர்கி இறாலுக்கும் குஞ்சுப் பருவத்தில் உப்புநீர் வேண்டும். 1961இல் மலேசியாவில் லிங் என்ற விஞ்ஞானி அதைக் கண்டுபிடித்த பிறகுதான் குஞ்சு பொரிப்பகங்கள் சாத்தியமாயின.

ஆகவே மலை உச்சி ஓடையில் இறால் இருக்குமா இருக்காதா என்பதைக் கீழே எங்கோ கட்டிய ஓர் அணை முடிவு செய்துவிடும். வழிந்தோடும் நீர் இல்லாத பெரிய அணைகளுக்கு மேலே, காடு அப்படியே இருந்தும், இந்த இறால்கள் இல்லாமல் போயின. கலிங்கில் தண்ணீர் வழிகிற அணை என்றால் குஞ்சுகள் அந்த ஈரத்தைப் பிடித்து ஏறிவிடுகின்றன.

சிலர் ஓடையில் குளோரின் ஊற்றி இறால் பிடிக்கிறார்கள். அப்படி நஞ்சான ஓர் ஓடை சில மாதங்களில் மீண்டது. அணை குறுக்கிடாத ஓடை அது. மேலும் கீழும் வழி திறந்திருந்ததால் இறால்கள் மறுபடி வந்து குடியேறின.

என்னைக் கேட்டால், விவசாயி கூர்ந்து படிக்க வேண்டிய இடம் தண்ணீர் எடுக்கும் கணக்குதான். எஸ்பிரிட்டு சான்டோ ஆற்றில் குடிநீருக்காக ஒரு தாழ்ந்த தடுப்பணையிலிருந்து தண்ணீர் உறிஞ்சுகிறார்கள். 1999இல் வெளியான ஆய்வு 69 நாட்களைக் கணக்கெடுத்தது. மிதந்து வந்த குஞ்சுகளில் சராசரியாக 42 சதவீதம் குழாய்க்குள் போய்ச் செத்தன. ஆற்றில் நீர் குறைந்த நாட்களில் மொத்தமும் போச்சு. நீண்டகாலக் கணக்கில் இழப்பு 34 முதல் 62 சதவீதம் வரை வந்தது.

குஞ்சுகள் அதிகம் மிதப்பது பொழுது சாய்ந்த பிறகு சில மணி நேரம்தான். அந்த 5 மணி நேரம் மட்டும் உறிஞ்சுவதை நிறுத்தினால் இழப்பு 11 முதல் 20 சதவீதத்துக்கு இறங்கும் என்கிறது அதே ஆய்வு. அணையை இடிக்கத் தேவையில்லை. சாயங்காலம் இறைப்பை நிறுத்தி, இரவில் மறுபடி தொடங்கினால் போதும்.