நாய்க்கு முன்னால் ஆள் வேண்டும்

வதைபட்ட பிள்ளையிடம் "என்ன நடந்தது?" என்று நேரே கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. கேட்கிறவரும் பெரியவர், வதைத்தவரும் பெரியவர். பெரியவர்கள்மேல் நம்பிக்கை இழந்த பிள்ளை ஒரு நாயிடம் அச்சமின்றி ஒட்டிக்கொள்ளக்கூடும் என்பதை 1960களிலேயே நியூயோர்க் உளவியலாளர் போரிஸ் லெவின்சன் எழுதினார். ஜிங்கிள்ஸ் என்ற அவருடைய நாய்தான் அதற்குத் தொடக்கம். நாயைத் துணையாக வைத்துப் பிள்ளைக்கு உளவளத்துணை தரும் இந்த வழி வன்னியின் ஓமந்தைப் பக்கமும் வரலாமா என்றால், வரலாம். ஆனால் நாய் வாங்குவதில் தொடங்கினால் காசுதான் வீணாகும்.

பாலியல் துஷ்பிரயோகத்துக்கு ஆளான, 7 முதல் 17 வயது வரையான 153 பிள்ளைகளை மூன்று வகைச் சிகிச்சைக் குழுக்களாக ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வொன்று 2012இல் வெளியானது. ஒரு வகையில் நாயே இல்லை. இன்னொன்றில் நாய்கள் வந்து பிள்ளைகளோடு இருந்தன. மூன்றாவதில் நாய்கள் வந்ததோடு, அன்று பேசவேண்டிய விடயத்தை அந்த நாய்களின் கதையாகவும் சொன்னார்கள். பதகளிப்பு, மனச்சோர்வு, கோபம் எல்லாம் மற்றவர்களைவிட அதிகம் குறைந்தது இந்தக் கடைசி வகைப் பிள்ளைகளுக்குத்தான். ஓர் ஆய்வை வைத்து எல்லாம் முடிவு கட்ட இயலாதுதான். ஆனாலும் நாய் வெறுமனே வந்து போவதைவிட, அதை வைத்துப் பேசியதே கூடுதல் பலன் தந்தது என்பது அதில் தெளிவு; அப்படிப் பேசத் தெரிந்த உளவளத்துணையாளர்தான் முதலில் வேண்டும்.

வன்னிக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். 2002 போர்நிறுத்தக் காலத்தில் வன்னிப் பாடசாலைகளில் 420 பிள்ளைகளை ஆராய்ந்தபோது, நால்வரில் ஒருவருக்கு நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு இருந்தது. அதற்குப் பிறகுதான் 2009இன் இறுதிப் போர் வந்தது. வடகிழக்கில் 296 தமிழ்ப் பிள்ளைகளிடம் நடந்த இன்னோர் ஆய்வு 2008இல் வெளியானது; அதில் 95.6 வீதமானோர் ஏதோவொரு குடும்ப வன்முறையை அனுபவித்திருந்தார்கள். போர் ஓய்ந்தாலும் வீட்டுக்குள் அடி ஓய்வதில்லை. 2002 ஆய்வில் பிள்ளைகளோடு பேசியவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர்த் தமிழ் உளவளத்துணையாளர்களே என்பதையும் மறக்கக்கூடாது. ஆளைப் பயிற்றினால் இங்கும் முடியும்.

விசர்நாய்க்கடி பயம் நியாயமானது. தடுப்பூசியும் மிருக வைத்தியரின் ஒப்புதலும் இல்லாத நாய் அறைக்குள் வரக்கூடாது. நாய்க்குப் பயந்த பிள்ளையையும், நாயைத் தொடாத முஸ்லிம் வீட்டுப் பிள்ளையையும் வற்புறுத்தவும் கூடாது. அவர்களுக்குத் துணையாக ஓமந்தை வளவுகளில் ஆடும் கன்றும் உண்டே. ஆனால் எனக்குப் பெரிதாகப் படுவது வேறோர் ஆபத்து. நிதி முடிந்ததும் திட்டமும் நாயும் போய்விட்டால், ஏற்கெனவே கைவிடப்பட்ட பிள்ளை இன்னொருமுறை கைவிடப்படும். ஆகவே பாடசாலைகளில் நிரந்தர உளவளத்துணை ஆசிரியர் முதலில் வரட்டும், மிருகம் அவருக்குத் துணையாகப் பிறகு வரட்டும். அதுவரை, ஒரு பிள்ளை வதைபடுகிறது என்று சந்தேகம் வந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்துக்கு அழையுங்கள்.