பயாப்சியில் சிக்கும் லிம்போமா முன்னோடி

மார்பகப் புற்றுநோய் அறுவைச் சிகிச்சையில் அக்குளிலிருந்து எடுத்த நிணநீர் முடிச்சில், தேடியது ஒன்றிருக்க வேறொன்று அகப்படுவதுண்டு. வழக்கமான சாயமிட்ட ஸ்லைடில் எல்லாம் ஒழுங்காகவே தெரியும். பிசிஎல்-2 புரதத்தைக் காட்டும் சோதனையைச் செய்தால்தான் முடிச்சிலுள்ள பி செல் திரள்களான ஃபாலிக்கிள்களில் ஓரிரண்டின் நடுப்பகுதி மட்டும் அடர்பழுப்பாகும். பக்கத்து ஃபாலிக்கிள்களின் நடுப்பகுதி வெளிறியே கிடக்கும். இதுதான் ஃபாலிக்குலர் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோயின் முன்னோடி.

அந்த நடுப்பகுதிதான் முளை மையம். கிருமிகளை எதிர்க்க பி செல்கள் பழகும் இடம். அங்கே தேறாத செல் சாக வேண்டும். அதனால், செல்லைச் சாகவிடாமல் காக்கும் பிசிஎல்-2 அங்கே அடங்கியிருக்கும். 14, 18ஆம் குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறிக்கொண்டால் அது அடங்குவதில்லை. ஆனால் இந்த ஒரு கோளாறு மட்டும் புற்றுநோயை உண்டாக்கிவிடாது. நுட்பமாகச் சோதித்தால், ஆரோக்கியமான பலரின் ரத்தத்திலும் இத்தகைய செல்கள் சில தென்படும்.

பழுப்பைக் கண்டதும் முடிவுகட்டுவதுதான் ஆபத்து. டி செல்களும், முளை மையத்தைச் சுற்றிய மேன்ட்டில் வளையத்துச் செல்களும் இயல்பாகவே பிசிஎல்-2 காட்டும். முன்னோடிதான் என்று சொல்ல, சுற்றியுள்ள செல்களைவிட மையத்தின் பி செல்கள் அழுத்தமான பழுப்பாக இருக்க வேண்டும். அதே செல்களில் சிடி-10 சோதனையும் பளிச்சென்று வர வேண்டும். முடிச்சின் கட்டமைப்பு குலையாமலிருக்க வேண்டும். ஃபாலிக்கிள்கள் பெருத்து, நெருங்கி, விளிம்பு மங்கியிருந்தால் கதை வேறு: ஃபாலிக்குலர் லிம்போமாவே முடிச்சின் ஒரு பகுதியைப் பிடித்திருக்கலாம்.

மேன்ட்டில் செல் லிம்போமாவுக்கும் இப்படியொரு முன்னோடி உண்டு, மிக அரிது. சைக்ளின் டி-1 என்ற புரதத்தைக் காட்டும் செல்கள் மேன்ட்டில் வளையத்தின் உள்பக்கம் மெல்லிய பட்டையாக ஒட்டியிருக்கும்.

ஃபாலிக்குலர் முன்னோடி முதன்முதலில் விவரிக்கப்பட்டது 2002இல். உலக சுகாதார நிறுவனம் 2016இல் திருத்திய வகைப்பாட்டில் அதன் பெயரிலிருந்து ‘லிம்போமா’வையே எடுத்துவிட்டது. நியாயமான முடிவுதான். இது பின்னாளில் லிம்போமாவாக முற்றுவது 100 பேரில் சுமார் 5 பேருக்கு, அல்லது அதற்கும் குறைவு. ஆகவே எல்லா முடிச்சுக்கும் பிசிஎல்-2 சோதனையைச் செய்வது வீண் கிலியைத்தான் கிளப்பும் என்பது என் கட்சி.

ரிப்போர்ட்டில் இந்த முன்னோடி வந்துவிட்டால் அதற்கென்று கீமோ தேவையில்லை. உடம்பில் வேறெங்காவது லிம்போமா ஏற்கெனவே இருக்கிறதா என்று மருத்துவர் நிணநீர் முடிச்சுகளைத் தடவிப் பார்ப்பார், ரத்தம் சோதிப்பார், தேவைப்பட்டால் ஸ்கேன் எடுக்கச் சொல்வார். சந்தேகமிருந்தால் ஸ்லைடையும் மெழுகு பிளாக்கையும் வாங்கி, ரத்தப் புற்றுநோய்களில் தேர்ந்த நோய்க்குறியியல் நிபுணரிடம் மறுகருத்துக் கேட்கலாம்.