பிடித்து அணையும் ரிமோட் ஸ்டார்ட்டர்

கனடாக் குளிரில் வீட்டுக்குள் இருந்தபடியே காரை ஸ்டார்ட் செய்ய ரிமோட் ஸ்டார்ட்டர் வைப்பார்கள். அது ஒருநாள் வேலை செய்து மறுநாள் படுத்தால்? டொரண்டோவில் விடியற்கால ஷிஃப்ட் போகும் என் அண்ணனுக்கு இதுதான் தலைவலி. லேட்டானால் சம்பளம் கட்!

போனில் நான் கேட்ட முதல் கேள்வி: 'இன்ஜின் சுத்துதாண்ணே?' சுற்றவே இல்லையென்றால் பானெட் சுவிட்ச், பிரேக் சுவிட்ச் பக்கம் பார்க்கணும். அண்ணன் வண்டியோ பிடித்து, இரண்டே நொடியில் அணைகிறது. அப்படியானால் இம்மொபிலைசர்தான் சந்தேகம். 2007 செப்டம்பரிலிருந்து கனடாவில் புதுக் கார்களுக்கு அது கட்டாயம். சாவித் தலையிலுள்ள சிப்பின் குறியீடு வராவிட்டால் கம்ப்யூட்டர் இன்ஜினை நிறுத்திவிடும்.

இதைச் சமாளிக்கத்தான் பைபாஸ். டாஷ்போர்டுக்கு அடியில் ஒரு பெட்டி, அதற்குள் ஸ்பேர் சாவி, சுற்றிலும் காயில். இக்னிஷன் லாக்கைச் சுற்றி இன்னொரு காயில். ஸ்டார்ட் ஆகும்போது ரிலே இரண்டையும் இணைக்கும். (திருடனுக்கும் சாவி உள்ளேயே ரெடி என்பது வேறு விஷயம்!)

'கையிலிருக்கிற சாவியை லாக் பக்கத்துல பிடிச்சுக்கிட்டு ரிமோட்டை அழுத்துங்க. கராஜ் கதவைத் திறந்து வச்சுக்குங்க, புகை ஆளைக் கொல்லும்' என்றேன். ஐந்து தடவையும் அணையாமல் ஓடியது. ஸ்டார்ட்டர் சரி, கோளாறு பைபாஸில்தான். பார்த்தால், லாக்கைச் சுற்றிய காயில் நழுவித் தொங்குகிறது! இழுத்துப் பொருத்தி, டை போட்டு இறுக்கினார்.