குறியாக்கமும் மறையாக்கமும்: சிறு வழக்கறிஞர் அலுவலகங்களின் தகவல் பாதுகாப்பு

குறியாக்கம், மறையாக்கம் என்னும் இரு கலைச்சொற்களையும் நாம் பல வேளைகளில் ஒரே பொருளில் வழங்குகிறோம். இரண்டும் வேறு. எழுத்துகளைக் கணினிக்குரிய எண்களாக மாற்றுவது குறியாக்கம். ஒருங்குறி அதற்குச் சான்று. அதன் விதி அனைவர்க்கும் பொது. ஆதலின் எவரும் படிக்கலாம். திறவுகோல் உடையவர் மட்டுமே படிக்குமாறு மாற்றுவது மறையாக்கம்.

இவ்வேறுபாடு சொல்லாராய்ச்சியோடு நின்றுவிடுவதன்று. ஓரிருவர் நடத்தும் வழக்கறிஞர் அலுவலகத்தை எண்ணிப் பார்ப்போம். உயில், மணவிலக்கு மனு, அடையாள அட்டைப் படி ஆகியன இன்று மடிக்கணினியில் உள்ளன. நுழைவுக் கடவுச்சொல் மட்டும் இட்ட கணினி களவுபோனால், அதன் வன்தட்டைக் கழற்றி வேறொரு கணினியில் இணைத்துக் கோப்புகளைப் படித்துவிடலாம். வன்தட்டு முழுவதும் மறையாக்கம் பெற்றிருப்பின், திறவுகோலின்றி அவற்றைப் படிக்க இயலாது.

சிங்கப்பூரின் 2012ஆம் ஆண்டுத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், அலுவலகம் சிறிது என்பதற்காக விலக்களிப்பதில்லை. 2021 முதல் நடப்பிலுள்ள விதியின்படி, கசிவு 500 பேரையோ அதற்கு மேற்பட்டோரையோ தொட்டாலும், பெருந்தீங்கு விளைக்கக்கூடியதாயினும், அவ்வாறு மதிப்பிட்ட 3 நாள்களுக்குள் ஆணையத்திற்கு அறிவித்தல் வேண்டும்.

ஆகவே, மென்பொருள் வாங்குவோர் இரு வினாக்களைக் கேட்டறிதல் நன்று: கோப்புகள் மறையாக்கம் பெறுகின்றனவா? திறவுகோல் எவரிடம் உள்ளது? வினா பிழையின்றி அமைய, நாம் வகுப்பில் கற்பிக்கும் கலைச்சொல்லும் பிழையின்றி அமைதல் வேண்டும்.