பேனாக்கத்தி சொல்லும் வியாபாரக் கணக்கு

சட்டைப் பையில் வைக்கும் சிறிய மடக்குக் கத்தியைப் பேனாக்கத்தி என்கிறோம். பேனாவுக்கும் கத்திக்கும் என்ன சம்பந்தம் என்று எப்போதாவது யோசித்ததுண்டா? பறவை இறகால் எழுதிய காலத்தில் அதன் முனை அடிக்கடி மழுங்கிவிடும். அதைச் சீவிக் கூராக்கவே இந்தச் சிறு கத்தி பயன்பட்டது. இறகு மறைந்துவிட்டது, பெயர் நிலைத்துவிட்டது.

ஐக்கிய அமெரிக்காவில் பழைய மடக்குக் கத்திகளைச் சேகரிப்போர் ஏராளம். ஒரு கத்தியைக் கையில் கொடுத்தால் இது எந்த மாதிரி, யார் செய்தது, எந்த ஆண்டுக்குரியது என்று கண்டுபிடிப்பதில் அவர்களுக்குத் தனி இன்பம். இதை வெறும் பொழுதுபோக்கு என்று நான் தள்ளிவிடமாட்டேன். ஒரு சாமானுக்குப் பெறுமதி எங்கிருந்து வருகிறது என்பதை நாம் இவர்களிடம் படித்துக்கொள்ளலாம்.

தொழிலுக்கு ஒரு மாதிரி

ஒவ்வொரு மாதிரிக்கும் பின்னால் ஒரு வாடிக்கையாளரின் தொழில் இருக்கிறது. ‘ஸ்டொக்மேன்’ என்பது கால்நடை வளர்ப்போரின் கத்தி. அதில் மூன்று அலகுகள் உண்டு. கூர்முனை அலகு பொது வேலைக்கு. நேரான வாயும் மழுங்கிய முனையும் உள்ளது குளம்பு சீவ. முனை வளைந்த மூன்றாவது, கன்றுகளைக் காயடிக்க. ‘ட்ரெப்பர்’ தோலுக்காக விலங்கு பிடிப்போருக்கு உரியது. அதன் நீண்ட அலகுகள் இரண்டும் ஒரே முனையிலிருந்து விரியும். பஞ்சு வியாபாரி பொதியை வெட்டி மாதிரி எடுக்க அகன்ற அலகுள்ள கத்தி இருந்தது. முலாம்பழம் வாங்குபவர் அதைக் குத்தி உள்ளே பழுத்திருக்கிறதா என்று பார்க்க ஒடுங்கிய நீண்ட அலகுள்ள கத்தி இருந்தது. வாங்குபவரின் வேலையைப் பார்த்தே உற்பத்தியாளர்கள் சாமானைச் செய்தார்கள்.

அடையாளம் காண்பது எப்படி?

முதலில் அலகின் அடிப்பாகத்தைப் பார்ப்பார்கள். செய்தவரின் முத்திரை அங்கேதான் குத்தப்பட்டிருக்கும். கத்திக்குப் பேர்போன இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரில், 1624ஆம் ஆண்டு சட்டப்படி அமைக்கப்பட்ட கத்தித் தொழிலாளர் சங்கம் இம்முத்திரைகளைப் பதிவு செய்து வந்தது.

அடுத்தது நாட்டின் பெயர். இறக்குமதிப் பொருளில் உற்பத்தியான நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அமெரிக்கா 1890இல் தீர்வைச் சட்டம் கொண்டுவந்தது. ஆகவே, அமெரிக்கச் சந்தைக்குச் சென்ற கத்தியில் ‘ஜேர்மனி’ என்று இருந்தால் அது பெரும்பாலும் அச்சட்டத்துக்குப் பிற்பட்டது. அன்றைய சுங்கச் சட்டம் இன்றைய சேகரிப்பாளருக்குக் காலம் காட்டுகிறது!

மூன்றாவது சாமான் இலக்கம். பென்சில்வேனியா மாநிலத்தின் பிரட்போர்ட் நகரிலுள்ள ‘கேஸ்’ நிறுவனத்தின் 6254 என்ற இலக்கத்தை எடுத்துக்கொள்வோம். 6 என்றால் எலும்புக் கைப்பிடி, 2 என்றால் இரண்டு அலகு, 54 என்றால் ‘ட்ரெப்பர்’ மாதிரி. 6318 என்றால் எலும்புக் கைப்பிடியும் மூன்று அலகுமுள்ள ‘ஸ்டொக்மேன்’. அந்நிறுவனம் 1970இல் முத்திரையின் கீழ் பத்துப் புள்ளிகளை இட்டு, ஆண்டுக்கு ஒன்றாகக் குறைத்து வந்தது. 1979இல் ஒரு புள்ளியே மிஞ்சியது. ஏழு புள்ளி இருந்தால் 1973 என்று உடனே சொல்லிவிடலாம்.

ஏமாற்றும் இருக்கிறது

அடையாளத்துக்கு விலை இருக்கும் இடத்தில் போலியும் வரும். பழைய அலகைக் கழற்றி வேறு கைப்பிடியில் பொருத்தி விற்பவர்கள் உண்டு. அதனால் அனுபவசாலிகள் எல்லா அலகுகளின் முத்திரையையும் பார்த்து, ஆணிகளையும் கைப்பிடியின் தேய்மானத்தையும் ஒப்பிடுவார்கள். கைப்பிடி பழசாகத் தேய்ந்திருக்க அலகு மட்டும் தேயாமல் இருந்தால் சந்தேகப்படுவார்கள்.

இன்னொரு சிக்கல், பெயர் கைமாறுவது. நியூயோர்க் மாநிலத்தில் ‘ஷ்ரேட்’ கத்திகளைச் செய்துவந்த தொழிற்சாலை 2004இல் மூடப்பட்டது. தொழிலாளர்கள் வேலை இழந்தார்கள். பெயரை மட்டும் வேறொரு நிறுவனம் வாங்கி, சீனாவில் செய்த கத்திகளுக்கு இட்டது. இது சட்டப்படி நடந்த வியாபாரம், அதில் குற்றம் இல்லை. ஆனால் சேகரிப்பாளர் இரண்டையும் ஒரே விலைக்கு வாங்குவதில்லை. பெயர் ஒன்றானாலும் எங்கே, எப்போது செய்தது என்று கேட்டுத்தான் காசை எடுக்கிறார்.

நமக்கு என்ன பாடம்?

பரம்பரையாக இரும்புச் சாமான் விற்கும் கடைகளுக்கு முதலில் ஒன்று சொல்வேன். பின்னறையில் பழைய கத்திகள் கிடந்தால் மண்கடதாசி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்காதீர்கள். முத்திரை அழிந்தால் பெறுமதியும் போய்விடும். பழைய பெட்டி இருந்தால் அதையும் வீசவேண்டாம். பூதக்கண்ணாடியால் முத்திரையைப் படித்துப் பார்த்த பிறகு விலை பேசுங்கள். விற்க வருபவருக்கு அதன் பெறுமதி தெரியாவிட்டால் உண்மையைச் சொல்லி வாங்குங்கள். மாற்றிய அலகு என்று தெரிந்தால் வாங்குபவரிடம் மறைக்காதீர்கள். சேகரிப்பாளர்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்பவர்கள். ஒருவரை ஏமாற்றினால் பத்துப் பேரை இழப்பீர்கள்.

கத்தி விற்காதவர்களுக்கும் இதில் விஷயம் உண்டு. உங்கள் கடையில் தைக்கும் சட்டையாகட்டும், செய்யும் கதிரையாகட்டும், ஒழுங்கான இலக்கமும் செய்த ஆண்டும் இடுங்கள். அந்த இலக்கங்களின் கணக்கை ஒரு கொப்பியில் எழுதிப் பேணுங்கள். இதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை. குறையென்று யாராவது சாமானைத் திருப்பிக் கொண்டுவந்தால் அது எந்தத் தொகுதியில் செய்தது என்று உடனே கண்டுபிடிக்கலாம். அதே சாமான்தான் வேண்டும் என்று கேட்டு வருபவருக்கும் தேடாமல் எடுத்துக் கொடுக்கலாம்.